கொரோனா டைம்ல வீட்டுப் பக்கத்துல காடு மாதிரி இடம் இருந்தவங்க சொல்லுங்க, நிஜமாவே உதவுச்சா?

மேடவாக்கம்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப ஒரு காரியமா கேக்க வந்திருக்கேன். எங்க லேஅவுட் தென்சென்னை ஓரத்துல, நன்மங்கலம் காட்டுலேர்ந்து ரொம்ப தூரம் கிடையாது. லேஅவுட்டுக்கு நடுவுல ஒரு ஒண்ணரை ஏக்கர் காலி இடம் இருக்கு. காலின்னு பேருக்குதான், வேம்பு, புங்கை, நுணா, ரெண்டு மூணு பனை, ஓரமா சீமைக்கருவேலம், மழை பெஞ்சா தண்ணி நிக்கிற ஒரு குட்டை, எல்லாம் தானா வளந்தது, யாரும் வைக்கல, யாரும் தண்ணி ஊத்தல.

இப்ப அசோசியேஷன்ல அதை "டெவலப்" பண்ணலாம்னு பேச்சு. ஜேசிபி விட்டு சுத்தமா வழிச்சுட்டு பேவர் பிளாக் போட்டு, ஒரு கஸீபோ (கூரை போட்ட திறந்த மண்டபம்), நாலு ஓப்பன் ஜிம் மெஷின், மிச்ச இடத்துல விசிட்டர் கார் பார்க்கிங். கேட்டா யாருக்கும் ஆட்சேபணை இல்லாத மாதிரிதான் இருக்கு, ஏன்னா பிளான் படத்துல பாக்க அழகா இருக்கு, பச்சை கலர்ல புல்லு எல்லாம் வரைஞ்சிருக்காங்க.

எனக்கு மட்டும் மனசு ஒப்பல. 2020ல எல்லாத்தையும் பூட்டி வச்சிருந்தப்ப எங்க ஆளுங்க காலாற நடந்து மூச்சு விட்டது இந்த இடத்துலதான். அப்பல்லாம் காலைல ஆறு மணிக்கு போனா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி விட்டுட்டு ஆளாளுக்கு பத்தடி தள்ளித் தள்ளி நடந்துட்டு இருப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரர் பேரே அப்பதான் பாதிப் பேருக்குத் தெரியும். இதைச் சொன்னா செயலாளர் "அது அப்ப சார், இப்ப எல்லாரும் மாலுக்குப் போறாங்க, பிள்ளைங்க விளையாட இடம் வேணாமா"ன்னு ஒரே போடா போடறார்.

அடுத்த வாரம் பொதுக்குழு. உங்க அனுபவத்துல, கொரோனா நேரத்துல வீட்டுப் பக்கம் மரம் அடர்ந்த இடம் இருந்தது என்ன வித்தியாசம் பண்ணுச்சு? கவிதையா வேணாம், நாலு பேர் முன்னாடி எழுந்து நின்னு சொல்ற மாதிரி இருந்தா உபயோகமா இருக்கும்.

கிம்மோ_மதி:

ப்ரோ, நான் சிங்கப்பூர்ல கிம் மோ பக்கம் வீவக வீட்ல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்ல இருக்கேன், எங்க சமையலறை ஜன்னலைத் திறந்தா நேரா டோவர் காடுதான். அதனால இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலன்னா வேற யார் சொல்றது.

2020 ஏப்ரல் 7லேர்ந்து ஜூன் 1 வரைக்கும் இங்க சர்க்கிட் பிரேக்கர், நம்மூர் ஊரடங்கு மாதிரி. ஆபீஸ், ஸ்கூல், கோயில் எல்லாம் மூடிட்டாங்க, கோப்பிக் கடைல உக்காந்து குடிக்க முடியாது, விளையாட்டு மைதானம், ஃபிட்னஸ் கார்னர் எல்லாத்துலயும் சிவப்பு வெள்ளை டேப் சுத்தி வச்சிருந்தாங்க. ஆனா ஒரு விஷயத்தை விட்டு வச்சாங்க, வீட்டுப் பக்கத்துல நடக்கலாம் ஓடலாம். பூங்காக்களைப் பூட்டல. எந்தப் பூங்கால எவ்ளோ கூட்டம்னு வரைபடத்துல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு காட்ற வெப்சைட்டே தேசியப் பூங்காக் கழகம் போட்டுச்சு, நான் சாயந்திரம் ஷூ போடறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பேன்.

எங்க வீட்ல நாங்க ரெண்டு பேர், மாமியார், ரெண்டு பிள்ளைங்க. நாலறை வீடுன்னா ஊர்ல இருக்கறவங்க பெருசா நினைப்பீங்க, ஹாலையும் சேத்து எண்றதுதான் அந்த நாலு. பெரியவன் ஜூம் கிளாஸ், சின்னவ அழுகை, மனைவி கழிவறைக்குள்ள நின்னு ஆபீஸ் கால் பேசுவா. சாயந்திரம் உளு பாண்டான் கால்வாய் ஓரமா காட்டு பக்கத்துல நடக்கப் போறது மட்டும் இல்லன்னா எங்களுக்குள்ள என்ன ஆயிருக்கும்னு இப்பவும் யோசிக்கப் பிடிக்கல.

டோவர் காடு ஒண்ணும் ஆதிகாலத்து வனம் இல்ல. பழைய ரப்பர் தோட்டம், கம்பத்து (பழைய கிராமத்து) ஆளுங்க வச்ச பழமரம், ஜனங்க காலி பண்ணிப் போனதும் காடு பிடிச்சுப் போச்சு. உங்க இடம் மாதிரியேதான், யாரும் திட்டம் போட்டு வளக்கல. ரப்பர் காய் வெயில்ல காஞ்சு "டப்"னு வெடிச்சு விதை தெறிச்சு விழும், பெரியவன் அதைப் பொறுக்கி சட்டைப்பை நிறைய வச்சுப்பான், பளபளன்னு புள்ளி போட்ட கொட்டை, ஆமணக்கு விதையைப் பெருசாக்கின மாதிரி. டுரியான் சீசன் வந்தா ராத்திரி டார்ச் லைட்டோட அங்கிள்மார் உள்ள போயிட்டு காலைல வாசனையோட வெளிய வருவாங்க. ஸ்ட்ரா ஹெடட் புல்புல்னு ஒரு பறவை, பாட்டு நல்லா இருக்குன்னே பிடிச்சு வித்து வித்து மத்த நாட்டுல கிட்டத்தட்ட காலி, அது இங்க குரல் குடுக்கும். அதைக் கேட்டே பல வருஷம் இந்த புளோக்ல இருந்திருக்கோம், என்ன பறவைன்னு தேடினது 2020லதான்.

இன்னொண்ணு, அந்த ரெண்டு மாசம் புல்லு வெட்ட ஆள் இல்ல. புளோக்குக்குக் கீழ இடுப்பு உயரம் புல்லு, அதுல சின்னச் சின்னக் காட்டுப்பூ, வண்ணத்துப்பூச்சி. எப்பவும் முடிவெட்டின மாதிரி இருக்கற ஊர் இது. ஜனங்க கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்கன்னு பாத்தா பாதிப் பேர் "இப்படியே விடுங்க"ன்னு கேட்டாங்க. நீர்நாய்க் கூட்டம் முஸ்தபா கடை வரைக்கும் நடந்து போச்சு, அந்த வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்.

இப்ப உங்க பொதுக்குழுவுக்கு வேண்டிய கதை. 2020 கடைசில இந்த டோவர் காட்ல, மொத்தம் 33 ஹெக்டேர், வீவக வீடு கட்டப் போறாங்கன்னு திட்டம் வெளிய வந்துச்சு. பக்கத்துல கிளமெண்டி காடு 85 ஹெக்டேர், அதுவும் 1998லேர்ந்தே குடியிருப்புக்குன்னு குறிச்சு வச்ச நிலம். முந்தின வருஷமா இருந்தா பேப்பர்ல ஒரு மூலைல வந்து போயிருக்கும். ஆனா ஜனங்க மாசக்கணக்கா அந்த மரத்தைப் பாத்து மூச்சு விட்டுப் பழகியிருந்தாங்க, வெளிநாட்டுக்கும் போக முடியாது, விடுமுறைன்னா காடுதான், விட்டுருவாங்களா. கையெழுத்து வேட்டை, பாராளுமன்றத்துல கேள்வின்னு பெருசாயிடுச்சு. கிளமெண்டியை இப்போதைக்குத் தொட அவசியம் இல்லன்னு அரசாங்கம் சொல்லுச்சு. டோவரை 2021 ஜூலைல பாதியாப் பிரிச்சாங்க, கிழக்குப் பக்கம் வீடு, மேற்குப் பக்கம் ஒரு பத்து வருஷத்துக்குக் கை வைக்கறதில்ல, அதுல ஒரு 5 ஹெக்டேர் இயற்கைப் பூங்கா.

முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன். என் மச்சானே கொரோனாவால கட்டுமானம் இழுத்துட்டுப் போய் புது வீட்டுக்குக் காத்துட்டு இருந்தவன், அவன்கிட்ட போய் மரம் வீட்டை விட முக்கியம்னு நான் எப்படிச் சொல்றது. ஆனா உங்க ஊர்ல மரத்துக்கு எதிரா நிக்கிறது வீடு இல்ல, கஸீபோ. அதுக்கு நீங்க இவ்ளோ தயங்க வேண்டியதே இல்ல.

கணக்குப்பிள்ளை:

மதி சார் அழகா எழுதியிருக்கார், ஆனா அவர் ஊர்ல பெருக்க ஆள் இருக்கு, விளக்கு எரியும், தடம் போட்டிருக்கு. நம்மூர்ல ஒண்ணரை ஏக்கர் புதர்னா என்ன தெரியுமா? நாலு மாசத்துல குப்பைமேடு, ராத்திரி ஆனா பாட்டில், குட்டைல கொசு. எங்க அப்பார்ட்மென்ட் பின்னாடி இப்படி ஒரு இடம் இருந்துச்சு, கண்ணாடிவிரியன் ஒண்ணு பார்க்கிங் வரைக்கும் வந்து பைக் கவர்ல சுருண்டு படுத்திருந்துச்சு, அப்புறம் யாருக்குப் பறவைப் பாட்டு வேணும்?

கொரோனா கொரோனான்னு சொல்றீங்களே, அதே 2020ல சிங்கப்பூர்ல டெங்கு வரலாறு காணாத அளவுக்குப் போச்சு, 35,000 பேருக்கு மேல. அதையும் சொல்லணுமில்ல. நான் ஜேசிபிக்கு ஓட்டுப் போடுற ஆளு இல்ல, ஆனா செயலாளர் பக்கத்துலயும் நியாயம் இருக்கு.

கிம்மோ_மதி:

டெங்கு எண்ணிக்கை சரிதான் சார், எங்க புளோக்குக்குக் கீழயே சிவப்பு பேனர் தொங்குச்சு. ஆனா அது காட்டுலேர்ந்து வந்த கொசு இல்ல. ஏடிஸ் கொசு வீட்டுக்காரி, பூந்தொட்டித் தட்டு, பக்கெட், மூங்கில் கழி சொருகற குழாய், தேங்கின நல்ல தண்ணி இதுலதான் முட்டை வைக்கும். சர்க்கிட் பிரேக்கர் சமயத்துல அதிகாரிங்க வீட்டுக்குள்ளயும் காரிடார்லயும் கண்டுபிடிச்ச கொசுப்புழு அதுக்கு முந்தின ரெண்டு மாசத்தை விடப் பல மடங்கு. எல்லாரும் பகல் பூரா வீட்லயே இருந்ததால பகல்ல கடிக்கிற கொசுவுக்கு விருந்து, டெங்கு வைரஸ் வகையும் மாறியிருந்துச்சு.

குட்டைல கப்பி மாதிரி சின்ன மீனும் தவளையும் இருந்தா புழு அதிகம் தங்காது. தங்கற இடம் அந்த பாட்டிலும் பிளாஸ்டிக் கப்பும்தான், அதைப் பொறுக்க ஆள் போடுங்க, மரத்தை வெட்டி என்ன பிரயோஜனம். பாம்பு மேட்டர் நான் ஒத்துக்கறேன், குப்பை இருந்தா எலி வரும், எலி இருந்தா அது வரும்.

டெல்டாக்காரன்:

மதி அண்ணே சொல்ற அதே ஊர்ல அதே நேரத்துல நானும் இருந்தேன், ஆனா நான் இருந்த சிங்கப்பூர் வேற. இதை யாரையும் குத்திக் காட்ட எழுதல, கேள்வி கேட்டவருக்கு உதவும்னு எழுதறேன்.

எனக்கு மன்னார்குடி பக்கம். கட்டுமான வேலைக்குப் போய் டோர்ம்ல (வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி) இருந்தேன், ஒரு ரூமுக்கு பன்னெண்டு பேர், ரெண்டு அடுக்குக் கட்டில். ஏப்ரல்ல கேட்டை மூடினாங்க. முதல்ல ரெண்டு வாரம்னாங்க. சாப்பாடு பொட்டலத்துல வரும், குளிக்கப் போகவே டைம் போட்டுக் கொடுத்தாங்க, ரூமை விட்டு காரிடாருக்கு வந்தா உள்ள போங்கம்பாங்க. டோர்ம்ல இருந்தவங்க மொத்தம் மூணு லட்சத்துக்கு மேல, நம்ம தமிழ்நாட்டு ஆளுங்களும் பங்களாதேஷ் ஆளுங்களும்தான் அதுல நிறைய. டிசம்பர்ல ரத்தப் பரிசோதனைக் கணக்கெல்லாம் சேத்துப் பாத்து கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, 47 சதவீதம், வந்து போயிருக்குன்னு சொன்னாங்க. எனக்கும் வந்துச்சு, ஜுரம்கூடப் பெருசா இல்ல.

எங்க டோர்ம் வேலிக்கு அந்தப் பக்கம் காடு. அல்பீசியா மரம், ஒசந்து குடை மாதிரி விரிஞ்சு நிக்கும், சாயந்திரம் காத்தடிச்சா அந்த இலைச் சத்தம் நாலாவது மாடி வரைக்கும் கேக்கும். மஞ்ச மூக்கு மேல இன்னொரு மூக்கு வச்ச மாதிரி இருக்குமே, இருவாச்சி, அது ஜோடியா வந்து வேலிக் கம்பில உக்காரும். நான் ஜன்னல் பக்கத்துக் கட்டில். மேல் கட்டில்காரர் பங்களாதேஷ் அண்ணன், அவருக்கும் எனக்கும் பொது பாஷை உடைஞ்ச இங்கிலீஷும் கை ஜாடையும்தான், அந்தப் பறவை வந்தா எட்டி என் தோளைத் தட்டிக் காட்டுவார். உள்பக்க ரூம்ல, எதிர் புளோக் சுவரை மட்டும் பாத்துட்டு இருந்த பசங்க ரெண்டு மூணு பேர் எங்க ரூம் வாசல்ல வந்து நின்னு எட்டிப் பாத்துட்டுப் போவாங்க, அதிகாரி பாத்தா திட்டுவார்னு தெரிஞ்சும். பாக்கறதுக்கே அவ்ளோ வித்தியாசம் இருந்துச்சு. ஆனா அந்த மரத்தடிக்கு நான் கடைசி வரை போனதில்ல.

வெளிய ஜனங்களுக்கு ஜூன்லயே ஒண்ணொண்ணாத் திறந்தாச்சு. எங்களுக்கு வேலைக்குப் போக பஸ், வேலை முடிஞ்சா பஸ், லீவு நாள்னா அதுக்குன்னு ஒதுக்கின பொழுதுபோக்கு மையம். 2021 செப்டம்பர்லதான் வாரத்துக்கு 500 பேருன்னு தடுப்பூசி போட்டவங்களை லிட்டில் இந்தியா போய் வர முதல்முதலா விட்டாங்க, அதுவும் மணிக்கணக்கு போட்டு.

அதனால அண்ணே உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். அந்த ஒண்ணரை ஏக்கருக்கு வேலி இருக்கா? 2020ல உங்க லேஅவுட் வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வர்ற அம்மாமாரு, பின்னாடி தெரு ஜனங்க அவங்கள்லாம் அங்க நடக்க முடிஞ்சுதா? நீங்க காட்டைக் காப்பாத்தி அதுக்கு கேட் போட்டு ரெசிடன்ட்ஸ் ஒன்லின்னு போர்டு மாட்டினீங்கன்னா, அடுத்த தடவை இப்படி ஒண்ணு வந்தா ஒரு ரூம்ல நாலு பேர் இருக்கறவன் வேலிக்கு வெளிய நின்னு பாப்பான். பொதுக்குழுல இதையும் பேசுங்க.

அடையாறு_அகிலா:

டெல்டா தம்பி எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ணத் தோணல.

நான் பொது சுகாதாரத் துறைல வேலை பார்த்தவ, இப்ப ரிட்டயர்ட். மேடவாக்கம் சாருக்கு ரெண்டு மூணு சமாச்சாரம் தரேன், ஆனா முதல்ல ஒண்ணு. தயவுசெய்து ஆக்சிஜன் பாயின்ட்டை எடுக்காதீங்க. 2021 மே மாசம் சிலிண்டருக்கு ஊரே அலைஞ்சப்ப அரச மரத்தடில படுத்தா ஆக்சிஜன் லெவல் ஏறும்னு ஃபார்வர்டு சுத்துச்சு, வடக்க நோயாளிகளை நிஜமாவே மரத்தடில கொண்டு போய் படுக்க வச்ச கொடுமையும் நடந்துச்சு. காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம், மரத்தடியிலயும் அதேதான் மொட்டை மாடியிலயும் அதேதான். நீங்க இதைச் சொன்னா கூட்டத்துல படிச்ச ஒருத்தர் எழுந்து உடைச்சிடுவார், அப்புறம் நீங்க சொல்ற நல்ல விஷயமும் எடுபடாது.

எடுபடற விஷயம் என்னன்னா, இந்த நோய் முக்கியமா பூட்டின ரூம் காத்துல பரவற நோய். திறந்த வெளில நாலு பேர் தள்ளித் தள்ளி நடந்தா ஆபத்து ரொம்பக் கம்மி. ஆரம்பத்துல இது தெளிவா தெரியாததால சென்னைல பூங்கா எல்லாம் பூட்டிட்டாங்க, 2020 மார்ச்ல மூடினது செப்டம்பர்லதான் திறந்துச்சு, மெரினா டிசம்பர் நடுவுலதான். ஊருக்கு நடுவுல கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் இருக்கு, இவ்ளோ பெரிய நகரத்துக்குள்ள தேசியப் பூங்கா இருக்கறது உலகத்துலயே அபூர்வம், அந்த நேரத்துல மானுக்கு மட்டும்தான் அது. அடையாறு ஆலமரம் இருக்கற வளாகத்துல வருஷக்கணக்கா காலைல நடந்தவங்க நாங்க, அதுவும் மூடியாச்சு. எங்க தெருல வயசானவங்க மொட்டை மாடில எட்டு போட்டாங்க, மே மாச வெயில்ல காலைல ஏழு மணிக்கே தளம் சுடும். முழங்கால் போனவங்க, சுகர் ஏறினவங்க, பேசவே ஆள் இல்லாம மனசு சுருங்கினவங்கன்னு அந்த ஆறு மாசத்தோட பாக்கி இன்னும் சிலரை விட்டுப் போகல. உங்க லேஅவுட் ஆளுங்களுக்கு அப்ப என்ன கிடைச்சுதுன்னு, கிடைக்காத எங்களைப் பாத்துத்தான் கணக்குப் போடணும்.

நார்வேல ஆஸ்லோ நகரத்துல ஊரடங்கு நேரத்துல ஜனங்க வெளில நடக்கறது, ஓடறது, சைக்கிள் ஓட்டறதை மொபைல் தடத்தை வச்சு பாத்தாங்க, அதுக்கு முந்தின மூணு வருஷ சராசரியை விட 291 சதவீதம் கூடியிருந்துச்சு, அதாவது கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதுவும் மரம் அடர்ந்த, ஆள் நடமாட்டம் கம்மியான பாதைகளைத் தேடித்தான் போயிருக்காங்க. அமெரிக்கால வெர்மான்ட் மாநிலத்துல காட்டுப் பாதைல வர்றவங்களை நிறுத்திக் கேட்டப்ப நாலுல ஒருத்தர் முன்னாடி அந்தப் பக்கமே அதிகமா எட்டிப் பாக்காதவங்க. டோக்கியோல 3,000 பேர்கிட்ட கேட்டாங்க, பச்சை இடத்துக்கு அடிக்கடி போனவங்களுக்கு மட்டும் இல்ல, வீட்டு ஜன்னல்லேர்ந்து மரம் தெரிஞ்சவங்களுக்கும் மனச்சோர்வு, பதட்டம், தனிமை உணர்வு கம்மியா இருந்துச்சு. டெல்டா தம்பி ரூம் வாசல்ல வந்து நின்ன பசங்களை நினைச்சுக்கங்க. இது புது விஷயமும் இல்ல, 1984லயே அமெரிக்க மருத்துவமனை ஒண்ணுல பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேர் ரெக்கார்டை ஒப்பிட்டுப் பாத்து, ஜன்னல்ல மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வலி மாத்திரையும் கம்மியாக் கேட்டாங்கன்னு எழுதியிருக்காங்க. இதெல்லாம் மரம் குணப்படுத்துச்சுன்னு நிரூபிக்கற ஆராய்ச்சி இல்ல, சேந்து காணப்படுதுன்னு காட்டறது, அந்த வார்த்தையோடயே சொல்லுங்க.

அப்புறம், செயலாளர் ஒருவேளை வழிச்சுட்டு மியாவாக்கி (நெருக்கமா செடி நட்டு வளக்கற குட்டிக் காடு) போடலாம்னு சமரசத்துக்கு வருவார். வேணாம். குப்பை கொட்டின வெறும் மனையா இருந்தா மியாவாக்கி சரி, சென்னைல அப்படி நல்லாவும் வந்திருக்கு. ஏற்கனவே நுணாவும் வேம்பும் நிக்கற மண்ணைத் தோண்டி நெருக்கமா செடி நட்டா நடக்கக்கூட இடம் இருக்காது, நிழல் வர வருஷமாகும். இந்தக் கடலோரத்து மண்ணுக்குன்னு புதரும் குட்டை மரமும் கலந்த ஒரு வறண்ட காடு உண்டு, அதுல மிஞ்சின துண்டுதான் கிண்டி. உங்க இடம் அதோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. சீமைக்கருவேலத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வேரோட எடுங்க, ஒரே நாள்ல எடுத்தா நிழல் போயிடும்.

கணக்குப்பிள்ளை:

அகிலா மேடம், ஆக்சிஜன் பாயின்ட்டை நீங்களே வெட்டி விட்டதுக்கு நன்றி, நான் அதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன் :)

டெல்டாக்காரன் சொன்னதுலயும் எனக்கு ஒரு சந்தேகம். எல்லாருக்கும் திறந்து விட்டா குப்பையும் பாட்டிலும் யார் பொறுப்பு? அசோசியேஷன் மெயின்டனன்ஸ் கட்டறவங்கதானே?

டெல்டாக்காரன்:

பாட்டில் போடறவன் வாட்ச்மேனும் வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவும்தானா அண்ணே? காலைல அஞ்சரைலேர்ந்து எட்டரை, சாயந்திரம் நாலரைலேர்ந்து ஏழுன்னு நேரம் போட்டு எல்லாருக்கும் திறங்க, ராத்திரி எல்லாருக்கும் பூட்டுங்க. எங்க ஊர் குளத்துக்கரைல அப்படித்தான் வச்சிருக்கோம், காவலுக்கு வயசான ஒருத்தர் இருக்கார், அவர் சம்பளத்துக்குத் தெருவுல ஆளுக்குக் கொஞ்சம் போடறோம்.

மேடவாக்கம்_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எதிர்பாத்ததை விட நிறைய கிடைச்சிருக்கு. டெல்டாக்காரன் கேட்ட கேள்விக்குப் பதில், வேலி இருக்கு, ஆனா பின்பக்கம் இடிஞ்சு கிடக்கு, அந்த வழியா பின் தெரு ஜனங்க வருவாங்க. 2020ல வந்தாங்க. அப்ப எங்க குரூப்புலயே "வெளி ஆளுங்க வர்றாங்க, நோய் வரும்"னு ஒருத்தர் போட்டு, செயலாளர் முள்ளு வெட்டி அடைச்சார். ரெண்டு நாள்ல யாரோ எடுத்துட்டாங்க, அப்புறம் விட்டுட்டோம். அதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் யாரும் பேசினதில்ல.

இன்னொரு விஷயம் கேக்கணும். இந்த இடம் லேஅவுட் போட்டப்பவே "ஓஎஸ்ஆர்"னு பிளான்ல எழுதியிருக்கு. அது எங்க அசோசியேஷன் சொத்துதானே? செயலாளர் அப்படித்தான் சொல்றார்.

மனைப்பிரிவு_குமார்:

இத்தனை நேரம் சும்மா படிச்சிட்டு இருந்தேன், இந்தக் கடைசி வரியைப் பாத்ததும் வந்துட்டேன், இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும் சார்.

ஓஎஸ்ஆர்னா திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய லேஅவுட்னா ரோடு போக மிச்ச இடத்துல 10 சதவீதத்தை பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ ஒதுக்கி, புரமோட்டர் அதை உள்ளாட்சிக்கு கிஃப்ட் டீட் (தானப் பத்திரம்) போட்டு எழுதிக் கொடுக்கணும், கொடுத்தாத்தான் அப்ரூவல் ரிலீஸ் ஆகும். 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா காசு கட்டித் தப்பிக்கவும் முடியாது, இடமாத்தான் தரணும். ஒண்ணரை ஏக்கர் ஓஎஸ்ஆர்னா உங்க லேஅவுட் ரோடு போகவே பதினஞ்சு ஏக்கர் பக்கம் இருக்கும், அப்ப கண்டிப்பா எழுதிக் கொடுத்திருப்பாங்க.

அப்படின்னா அது அசோசியேஷன் சொத்து கிடையாது. பராமரிக்கறதுக்கு வேணா உள்ளாட்சிகிட்ட கேட்டு வாங்கலாம். விசிட்டர் பார்க்கிங் போடறதுங்கறது ஒதுக்கின நோக்கத்துக்கே மாறானது, ஓஎஸ்ஆர் இடத்தை வேற காரியத்துக்கு எடுத்ததுக்கு ஹைகோர்ட் வரைக்கும் போன வழக்கு நிறைய இருக்கு. கேட் போட்டு ரெசிடன்ட்ஸ் ஒன்லின்னு மாட்டறதும் அதே கதைதான், பொது இடம்னா பின் தெருவுக்கும் பொதுதான்.

நாளைக்கே பண்ண வேண்டியது, பத்திரப்பதிவு வெப்சைட்ல அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் (அந்த இடத்துல பதிவான பத்திரங்களோட பட்டியல்) போட்டுப் பாருங்க, லேஅவுட் அப்ரூவ் ஆன வருஷத்துக்கு ஒரு வருஷம் முன்னாடிலேர்ந்து போடுங்க. கிஃப்ட் டீட் நம்பர் வந்தா நகல் எடுங்க. அப்ரூவ்டு பிளான் காப்பியும் கைல வச்சுக்கங்க, ஒரிஜினல் அசோசியேஷன்ல இருக்கும், தர மாட்டேன்னா உள்ளாட்சில ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடலாம், ஆனா அது பொதுக்குழுவுக்குள்ள வராது. கிஃப்ட் டீட் நம்பர் வரவே இல்லன்னா அது வேற தலைவலி, அப்ப எனக்கு இங்கயே எழுதுங்க.

கணக்குப்பிள்ளை:

அடப்பாவி, இது தெரியாமயா எல்லாரும் கஸீபோ படம் வரைஞ்சாங்க.

சரி சார், ஜேசிபி வரலன்னு வச்சுக்குவோம். எங்க அம்மா வாக்கர் வச்சு நடக்கறவங்க, அவங்க மாதிரி ஆளுங்க உங்க லேஅவுட்லயும் இருப்பாங்க. மண்ணு பாதை மழைக்கு அப்புறம் அவங்களுக்கு உபயோகமே இல்ல. ஓரமா ஒரு சுத்து மட்டும், வாக்கர் திரும்பற அகலத்துக்கு, கெட்டியா கிராவல் அடிச்சு, நாப்பது ஐம்பது அடிக்கு ஒரு கல் பெஞ்ச் போடச் சொல்லுங்க. கைப்பிடி இருக்கற பெஞ்சா இருக்கட்டும், இல்லன்னா உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. அதைச் சொன்னீங்கன்னா வயசானவங்க ஓட்டு மொத்தமா உங்களுக்கு.

மேடவாக்கம்_வாசி:

குமார் சார், வில்லங்கம் இப்பதான் போட்டேன், 2008லேர்ந்து கேட்டிருக்கேன். சர்வே நம்பர்ல உட்பிரிவு ரெண்டு காட்டுது, எந்த உட்பிரிவுக்கு போடணும்? ரெண்டுக்கும் தனித்தனியா போடணுமா?

மனைப்பிரிவு_குமார்:

ரெண்டுக்கும் போடுங்க. பழைய நம்பர்லயும் ஒண்ணு போடுங்க, உட்பிரிவு ஆகறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தா அதுலதான் வரும்.